டிரக் இல்லையென்றால் ஆள் இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற ஹார்லன் இப்போது உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எழுதுகிற ஆளுக்கே தெரியாவிட்டால் எப்படி என்று கேட்பீர்கள். கார்வில் ஊரில், குதிரையும் காளையும் அடக்கிக் காட்டும் ரோடியோ மைதானத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். குதிரைகளை அடைக்கும் பட்டிகளில் இன்றைக்கு மனிதர்களும் நாய்களும் இருக்கிறார்கள். வடக்கே மேட்டுக்கு மேலே காடு எரிகிறது, இங்கிருந்தே தெரிகிறது. ஹார்லன் அங்கேதான் எங்கோ இருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் அந்தக் காட்டில் குடியிருந்தவர்கள். வேனில், டிரெய்லரில், பழைய காரின் பின்சீட்டில். தேசிய வனத்தில் மண் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பதினாலு நாள் இருக்கலாம். வாடகை கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது, ஏனென்று கேட்க ஆளும் கிடையாது. அப்புறம் அடுத்த காட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். நான் ஒன்பது வருஷமாக அரிசோனாவில் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து அக்கா போன் பண்ணினால் வேலை விஷயமாக வெளியூரில் இருப்பதாகச் சொல்வேன். அக்கா அதை நம்புவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

கதையைக் கொடுத்த பெண்மணி என் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் அவராகவே வந்தார்.

"நீ எழுதற ஆளுதான கண்ணு? இத எழுது. சும்மா உக்காந்திருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

ஒரே நிபந்தனை, அவர் பேர் வரக்கூடாது. ஜார்ஜெட் என்று வை என்றார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரில் ஒரு பெண் இருந்தாளாம். அந்தப் பேர் மேல் அப்போதிருந்தே ஒரு கண்ணாம்.

"எங்க ஊர்ல ஜார்ஜெட்னா புடவை" என்றேன்.

"நல்ல புடவையா?"

"வழுக்கும்."

"அப்ப சரியான பேருதான்."

கதைக்குள் வரும்போது அவள் என்றும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்றும் எழுதப்போகிறேன். எங்கேயாவது குழப்பிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"தென்மேற்குக் காற்று பைன் மரங்களை உலுக்கியபோது வானம் செம்பருத்திப் பூவின் நிறத்தில்—"

[வேண்டாம். சாம்பல் காகிதத்தின் மேலேயே விழுந்துகொண்டிருக்கிறது. தீயை அழகாக வர்ணிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.]

இரண்டாவது:

"காட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை எந்தச் சத்தம் அதிகம் பயமுறுத்தும்? கரடியா, மலைச் சிங்கமா? இல்லவே இல்லை. ஓர் ஆண், சாதாரணக் குரலில்—"

[விஷயம் உண்மை. ஆனால் பத்திரிகைக் கட்டுரை மாதிரி ஆரம்பிக்கிறது. விட்டுவிடுகிறேன்.]

மூன்றாவது:

"ஹார்லனின் டிரக் இல்லை."

இதுதான். இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் டிரக் இல்லாததில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

ஜார்ஜெட்டுக்கு அறுபத்தொரு வயது. ஓஹையோவில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். வேலையும் புருஷனும் ஒரே வருஷத்தில் போனபிறகு மினிவேனில் மெத்தை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஹார்லன் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். சக்கரம் வைத்த வீடு மாதிரி ஒரு சின்ன டிரெய்லரும், அதை இழுக்க ஒரு நீல டிரக்கும் அவருடைய சொத்து. இந்த ஜூனில் இருவரும் ஒரே கிளைச் சாலையில், ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

கூப்பிடு தூரம் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. யார் வண்டியின் கதவையும் போய்த் தட்டக்கூடாது. வண்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே நின்று "ஹலோ கேம்ப்!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் திரையை விலக்கினால் போகலாம். விலக்காவிட்டால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். மறுநாள் பார்க்கும்போது ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பது கிடையாது.*

* இன்னொரு வழக்கமும் உண்டு. டிரெய்லர் இருந்து டிரக் இல்லையென்றால், ஆள் டவுனுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கால் வைப்பவனைத் திருடன் என்றுதான் நினைப்போம். அதனால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஜார்ஜெட் தன் வேனுக்கு வெளியே எப்போதும் ஒரு ஜோடி ஆண்பிள்ளை பூட்ஸ் வைத்திருப்பாள். ராட்சத அளவு. உள்ளே ஒரு முரட்டு ஆள் இருக்கிறான் என்று போகிறவர் வருகிறவர் நினைத்துக்கொள்வதற்காக. தனியாக இருக்கும் பெண்கள் பலரும் செய்வதுதான். இரண்டு வாரத்தில் ஹார்லனும் அவளும் பேசிக்கொண்டது நாலைந்து தடவை. ஒரு தடவை இதைப் பற்றி.

"உங்க வீட்டுக்காரருக்குப் பாதம் ரொம்பப் பெருசுங்க" என்றாராம் ஹார்லன், தூரத்தில் நின்றபடியே.

"ஆமா. ஆளும் பெருசு."

"ஆனா ஒரு தடவகூட இருமுனதே இல்லயே?"

"உடம்ப நல்லா வச்சிருக்காரு."

"கேட்டதாச் சொல்லுங்க" என்று தொப்பியைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அவளுடைய பேரைக் கேட்டுக்கொண்டு போனார்.

அவள் ஏன் அப்படிப் பயப்படுகிறாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வேனில் வந்த முதல் வருஷம், நெவாடாவில், பட்டப்பகலில், ஒருவன் "ஹலோ, ஹலோ" என்று சிரித்துக்கொண்டே அவளுடைய கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. மறுபக்கம் போய் அதையும் இழுத்தான். பிறகு முன்கதவு. உள்ளே அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் குரல் கொடுத்தாலும் அவள் திரையை விலக்குவதில்லை.

4

இனி இன்று காலை.

டிரக் கிளம்பும் சத்தத்தை ஜார்ஜெட் காப்பி குடிக்கும்போது கேட்டாள். ஹார்லன் டவுனுக்குப் போகிறார், தண்ணீர் பிடிக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் புகை வந்தது. முதலில் மெலிதாக, அப்புறம் திடீரென்று எதிரே இருந்த மரம் தெரியவில்லை. போனில் சிக்னல் எப்போதும் இல்லை. காட்டில் இருக்கிறவர்கள் வண்டியின் மூக்கைச் சாலையைப் பார்த்தே நிறுத்துவோம், இந்த மாதிரி நாளுக்காகத்தான். நாற்காலி, அடுப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஹார்லனின் இடத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தாள். டிரெய்லர் இருந்தது. டிரக் இல்லை. நல்லவேளை, மனுஷன் டவுனில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரோடியோ மைதானத்தில் அந்த நீல டிரக் நின்றது. பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கதவில் தட்டினாள்.

"என்ன கிழவா, எனக்கு முன்னாடியே வந்து எடம் புடிச்சாச்சா?"

கதவைத் திறந்தது ஹார்லன் இல்லை. ஷெல்பி. அதே காட்டில் கோடி என்ற பையனோடு கூடாரம் போட்டிருந்த பெண்.

"நீ எப்படி இந்த வண்டில? அவர் எங்க?"

"காலைல குடுத்தாருங்க. எங்க கார் பேட்டரி போயிடுச்சு. தண்ணி புடிச்சிட்டு வாங்க, எனக்கும் ரெண்டு கேன் கொண்டாங்கன்னாரு. முட்டி வீங்கிருக்கு, நான் எங்க போகப்போறேன்னாரு. திரும்பப் போறதுக்குள்ள ரோட்ட மூடிட்டாங்க. உங்க கூடதான் வந்திருப்பாருன்னு நெனச்சோம்." ஷெல்பி வேனைப் பார்த்தாள். "உங்க கூட வரலயா?"

டிரக்கின் பின்னால் ஹார்லனுக்கான தண்ணீர்க் கேன்கள் நின்றன, மூடி சரியாகப் போடாமல், கசிந்துகொண்டு.

போலீஸிடம் ஓடினார்கள். மைதானத்து டிக்கெட் கவுண்டரில் தொப்பி போட்ட பெண் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாலையை மூடுவதற்கு முன்பே தங்கள் வண்டி அந்தக் கிளைச் சாலைக்குப் போய் வந்துவிட்டது என்றார். "டிரெய்லர்ல ஆள் இல்ல. கதவு தெறந்துதான் கெடந்துச்சு, உள்ள போய்ப் பாத்தாங்க. டிரக்கும் இல்ல. ஆள் கெளம்பிட்டாருன்னு குறிச்சாச்சு." டிரக் இங்கே நிற்கிறது என்று சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் டிரெய்லரில் இல்லையே, யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று, மேற்கே இன்னொரு ஊரில் இருக்கும் முகாமில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

பக்கத்தில் இருக்கிறவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மனிதர் காட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போது உனக்குக் கதைச் சிக்கல் ஒரு கேடா என்று நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

ஹார்லன் டிரெய்லரில் இல்லை. அவரிடம் வண்டியும் இல்லை. முட்டி வீங்கிய ஒரு மனிதர், புகையைப் பார்த்ததும் எங்கே போவார்? வண்டி இருக்கும் ஆளைத் தேடித்தானே போவார்? கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு வேன்தான் இருக்கிறது.

அதனால் ஒரு காட்சியை நானாகச் சேர்த்தேன். பக்கத்தில் இருக்கிறவர் சொல்லாதது. கதைக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. 'ஹலோ கேம்ப்!' கரகரத்த குரல். யாருடையது என்று தெரியவில்லை. ஜார்ஜெட் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'ஹலோ கேம்ப்!' இரண்டாவது தடவை இருமலும் சேர்ந்து வந்தது. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. சரளையில் காலடி விலகிப் போனது, ஒரு காலை இழுத்து இழுத்து."

எழுதி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

6

"எதுவரைக்கும் வந்திருக்க? படிச்சுக் காட்டு" என்றார் பக்கத்தில் இருக்கிறவர்.

தமிழில் எழுதியதை அவர் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். பூட்ஸ் பேச்சு வந்தபோது லேசாகச் சிரித்தார். குரல் வரும் இடம் வந்தது. அதைச் சொல்லி முடித்து நிமிர்ந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானா எழுதுனது."

"பொய் சொல்லாத. ஷெல்பி சொன்னாளா? யாராச்சும் பாத்தாங்களா?"

"சத்தியமா நானா சேத்ததுங்க. கதைக்காக. புடிக்கலன்னா எடுத்துடறேன்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. வலித்தது.

"மூணாவது தடவ கூப்பிடலன்னு எழுதிருக்க. கூப்பிட்டாரு. மூணாவது தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

நான் எத்தனையோ பொய்களை எழுதியிருக்கிறேன். பொய்க்குத்தான் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அவற்றில் ஒன்று எழுந்து வந்து என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

"காலைல டிரக் போனத என் காதால கேட்டேன் கண்ணு" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டிரக் இல்லன்னா ஆள் இல்ல. அப்ப இது அவர் இல்ல. அவர் டவுன்ல இருக்காரு, இது வேற யாரோ. என் பேரு தெரிஞ்ச யாரோ. எனக்கு அப்படித்தான் தோணுச்சு. பேரச் சொல்லிக் கூப்பிடவும் இன்னும் பயமாப் போச்சு. தாழ்ப்பாள்ல கைய வச்சேன். காது கேக்குது, கை கேக்க மாட்டேங்குது. அவரு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. கதவத் தட்டவே இல்ல. தட்டிருந்தா..." நிறுத்தினார். "தட்ட மாட்டாரு. அவரு ஒழுங்கான மனுஷன்."

என் மணிக்கட்டை விட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்பறம் வழில பாத்தா ஏத்திக்கலாம்னு மெதுவாத்தான் ஓட்டினேன். யாரா இருந்தாலும் ஏத்திக்கலாம்னு. யாரும் இல்ல."

"எந்தப் பக்கம் போனாரு? காலடி?"

"கீழ. ரோட்டுப் பக்கம் இல்ல. மாட்டுக் குட்டை இருக்கே, அந்தப் பக்கம்."

7

இப்போது கதாசிரியருக்கு மூன்று வழி இருந்தது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குரல் வரும் காட்சியை அடித்துவிடுவது. "அத எடுத்துடு கண்ணு, யாருக்கும் தெரிய வேணாம்" என்று அவரே இரண்டு தடவை கேட்டார். எடுத்துவிட்டால் ஜார்ஜெட் நல்லவள். ஹார்லன் யாரோ ஒருவரின் காரில் ஏறி மேற்கே போயிருக்கிறார். அங்கே ஒரு முகாமில் உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிகாரிகள் மேற்கே விசாரித்துக்கொண்டே இருப்பார்கள், குட்டைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

இரண்டு: நானே எழுந்து போய் அந்த அதிகாரியிடம் சொல்வது. எழுந்தும்விட்டேன். "உக்காரு" என்றார் பக்கத்தில் இருந்தவர். உட்கார்ந்துவிட்டேன். என் கோழைத்தனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், தனியாகப் பேசிக்கொள்வோம்.

மூன்று: ஜார்ஜெட் எழுந்து—

[இங்கே எனக்கு நம்பிக்கை இல்லை. நான் உண்டாக்கி வைத்திருக்கும் ஜார்ஜெட் போகமாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்ட குரலுக்கே தாழ்ப்பாளை எடுக்காதவள், முந்நூறு பேர் பார்க்க, அந்தத் தண்ணீர்க் கேன்களைத் தாண்டி, ஷெல்பியைத் தாண்டி நடந்துபோய், நான்தான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன் என்று எப்படிச் சொல்வாள்? அவளுடைய குணத்துக்கு அது ஒட்டாது. இந்த வழியை விட்டு—]

நாற்காலி கிறீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் போய்க்கொண்டிருந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கவுண்டருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு நின்றார்.

"அந்த டிரெய்லர் ஆளு மேற்கால இல்ல. நடந்து போயிருக்காரு. நான் கேட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கேட்டீங்க?"

"என் வேன்கிட்ட வந்து கூப்பிட்டாரு. நான் தெறக்கல. அப்பறம் மாட்டுக் குட்டைப் பக்கமா நடந்து போனாரு. ஒரு கால் சரியில்ல அவருக்கு."

"எப்போ?"

"நான் கெளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"இத ஏன் அப்பவே—" அதிகாரி ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார். வாக்கி டாக்கியை எடுத்தார். "டிரெய்லர் ஆள் கால்நடையாப் போயிருக்காரு. திருப்பிச் சொல்றேன், கால்நடையா. ஒரு கால் சரியில்ல. மாட்டுக் குட்டைப் பக்கம் பாக்க முடியுமா?" கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல், காற்று திரும்பினால் போகலாம், இப்போது அந்தப் பக்கம் வண்டி போகாது, பார்க்கிறோம் என்றது.

ஷெல்பி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு டிரக்குக்குப் போய்விட்டாள். யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஜார்ஜெட்டுக்குத் தேவலையாக இருந்திருக்கும். [ஜார்ஜெட் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். இப்போது இரண்டு பேரும் ஒருவர்தான்.]

8

திரும்பி வந்து உட்கார்ந்தோம். சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் ஆளுக்கொரு புரிட்டோ, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி, கொடுத்தார்கள். அவருடையது மடியில் அப்படியே கிடக்கிறது. மேட்டின் மேல் புகை இப்போது பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.

"என்ன எழுதிட்டிருக்க?"

"முடிவு."

"சொல்லு."

முதல் முடிவைச் சொன்னேன். ஹார்லன் குட்டையில் கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார், மாடுகள் பண்ணிவைத்த அசிங்கத்தையெல்லாம் திட்டிக்கொண்டு. இரண்டாவதைச் சொன்னேன். குட்டையைத் தாண்டி வேலியோரம் போகும்போது பண்ணைக்காரர் ஒருவரின் வண்டி வருகிறது. மாடுகளை ஓட்டிப்போக வந்தவர் இவரையும் ஏற்றிக்கொள்கிறார்.

"மூணாவது?"

"எழுதல."

"வச்சிருக்கியா மனசுல?"

அவர் என் காகிதத்தைப் பார்த்தார், ஒரு எழுத்துகூடத் தெரியாது, ஆனாலும் வரிவரியாகப் பார்த்தார்.

"இப்ப அவரு எங்க இருக்காரு, உன் கதைல?"

"நடந்துட்டிருக்காரு."

"குட்டைக்கு வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல. பக்கத்துல."

"அப்ப முடிக்காத" என்றார். "நடக்கவே விடு. நீ எழுதற வரைக்கும் நடக்கட்டும். தேடறவங்க அங்க போற வரைக்கும்."

அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹார்லன் நடக்கிறார். வலது காலை இழுத்து வைக்கிறார், சட்டையைக் கழற்றி வாயைச் சுற்றிக் கட்டியிருக்கிறார், ஒரு கள்ளிச் செடியைச் சுற்றிக்கொண்டு போகிறார். கீழே இறங்குகிற இடத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார், மறுபடியும் நடக்கிறார். கவுண்டரில் வாக்கி டாக்கி இரைகிறது. அதிகாரி அதைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து எங்கள் பக்கம் திரும்புகிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவரும் பார்க்கவில்லை. என் மணிக்கட்டை மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்படிப் பிடித்தால் எழுத முடியாது, விடுங்கள் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

இனி ஹார்லனை நீங்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நடக்கவிடுங்கள். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு அடி, அப்புறம் இன்னொரு அடி. முட்டி வீங்கியிருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள். நான் கையை எடுக்கிறேன், நிறுத்திவிடாதீர்கள்.